ஒரு மிதி, ஒரு சேலை

விடியற்காலையில் எங்கள் தெருவில் பாவு விரிப்பார்கள். இரண்டு முனையிலும் கட்டை நட்டு, பட்டுநூலை நீளவாக்கில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளைப் புணைத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் தெருவுக்குள் மாடு வராது, வண்டி வராது. பாவுக்கும் திண்ணைக்கும் நடுவில் கிடக்கிற இரண்டடிச் சந்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டுவது பதினேழு வயதில் எனக்குப் பெரிய வீரம். பெரியவர்கள் கையில் இருக்கிற குச்சியைத் தூக்கிக் காட்டுவார்கள். அதற்குள் நான் தாண்டியிருப்பேன். அப்படி ஓட்டிய ஒரு நாள்தான் கவனித்தேன். மூன்று சேலைப் பாவு ஒன்றை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தாண்ட மூன்று மிதியும் கொஞ்சம் கொசுறும் போதும்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் வண்டிக்கு இருபத்தெட்டு அங்குல டயர். செயின்வீலில் 44 பல், ஃப்ரீவீலில் 18 பல். பெடல் ஒரு முழுச் சுற்று வந்தால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். ரவிக்கைத் துணி சேர்க்காத ஒரு சேலையின் நீளம் அது. தற்செயல்தான், வேறொன்றுமில்லை. ஆனாலும் பன்னிரண்டு வருஷம் அந்த வண்டியில் பாவு சுமந்தவனுக்கு இந்தக் கணக்கு மறக்கவில்லை. ஒண்ணுபுரம் போகப் பத்துக் கிலோமீட்டர் என்று வைத்தால் ஆயிரத்து எண்ணூறு சேலை நீளம். திரும்பி வர இன்னொரு ஆயிரத்து எண்ணூறு.

ஆரணிப் பட்டு என்றால் எல்லாம் ஆரணிக்குள்ளேயே நெய்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் ஓடிய தறிகள் ஏராளம். கர்நாடகத்திலிருந்து கச்சாப்பட்டு வரும், சூரத்திலிருந்து ஜரிகை வரும். சாயம் போடுவது, பாவு ஓட்டுவது எல்லாம் ஊருக்குள் நடக்கும். அப்புறம் பாவும் ஊடைப்பட்டும் ஜரிகையும் கிராமத்துத் தறிக்குப் போக வேண்டும். நெய்து முடித்த சேலை ஊருக்குத் திரும்ப வேண்டும். போவதற்கும் வருவதற்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். 1973ல் பள்ளிக்கூடத்தை விட்டு நான் அந்த ஆளானேன். முதலாளி வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் என் பெயருக்கு எதிரே எழுதியிருந்த உத்தியோகம் 'சைக்கிள்'. அவ்வளவுதான். ஒருவர் 'சாயம்', ஒருவர் 'தராசு', நான் 'சைக்கிள்'.

வேலை சேர்ந்த அன்றைக்கு முதலாளி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். செயினுக்கு முழு மூடி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பட்டுக்கு எதிரி மழை என்று நான் நினைத்திருந்தேன். மழையில் நனைந்தால் காயவைக்கலாம், செயின் மசி பட்டால் பட்டதுதான். பாவை முதலில் பழைய வேட்டியில் சுற்றி, அதற்கு மேல் ஒரு யூரியா சாக்கின் உள்பையைப் போட்டு, கேரியரில் படுக்கவைத்து, ரப்பர் டியூபைக் கிழித்த நாடாவால் கட்ட வேண்டும். சணல் கயிறு ஆகாது, அது அழுத்தி இழையை முறித்துவிடும். கட்டி முடித்ததும் முதலாளி சொன்னார்: "நீ வியுந்தா எய்ந்துக்கலாம்டா. பாவு வியுந்தா எய்ந்துக்காது. பாத்து எடுத்துக்கினு போ."

ஜக்கார்டு அட்டைகள் வேறு சுமை. ஒரு புது டிசைன் என்றால் ஓட்டை போட்ட அட்டைகளை நூலால் கோத்து அடுக்கடுக்காக மடித்துக் கொடுப்பார்கள். எடை அதிகம் கிடையாது, ஆனால் காற்றுப் பிடிக்கும். கேரியரில் உயரமாக நிற்கிற அந்த அடுக்கு எதிர்க்காற்றில் பாய்மரம் மாதிரி வண்டியைப் பின்னால் இழுக்கும். ஒரு அட்டை வரிசை மாறினால் மாங்காய்க்குப் பதில் மயிலின் கழுத்து பாதியில் நிற்கும். அதனால் விழுந்து சிதறியவனை யாரும் மன்னித்ததில்லை.

எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் கோட்டையிலிருந்து ஆரம்பிப்பார்கள். நானும் அதைத் தொட்டுவிட்டுப் போகிறேன். ஆற்காடு முற்றுகை முடிந்த கையோடு ராபர்ட் கிளைவ், ராஜா சாகிபையும் பிரெஞ்சுக்காரரையும் துரத்திக்கொண்டு வந்து 1751 டிசம்பர் 3ஆம் தேதி மோதியது ஆரணியில்தான். 1782 ஜூன் 2ஆம் தேதி ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் இங்கே வந்து மோதினார். ஹைதர் அலி தன் தளவாடங்களை ஆரணியில் வைத்திருந்தார் என்பது காரணம். 1760ல் நடந்த வந்தவாசிப் போரையும் சேர்த்துக்கொண்டால், கர்நாடகப் போர்களின் பெயர் பெற்ற மூன்று களங்கள், ஆற்காடும் ஆரணியும் வந்தவாசியும், ஒரு நாள் சைக்கிள் தூரத்துக்குள் அடங்குகின்றன. நான் ஒரே நாளில் மூன்றையும் மிதித்திருக்கிறேன், வரலாற்றுக்காக இல்லை, ஒரு கல்யாணச் சேலைக்காக. கோட்டைக்குள் கைலாசநாதர் கோயிலும், 1790ல் இங்கே இறந்த கர்னல் ராபர்ட் கெல்லிக்கு எழுப்பிய நினைவுத் தூணும் இருக்கின்றன. ஆரணியை ஜாகீராக ஆண்ட மராட்டியக் குடும்பத்தின் அரண்மனை சத்தியவிஜயநகரத்தில் இடிந்து நிற்கிறது. அதே குடும்பம் பூசிமலைக்குப்பத்துக் காட்டில் கட்டிய கண்ணாடி மாளிகைக்கு ஆளுக்கொரு காதல் கதை சொல்வார்கள். அந்தப் பக்கம் தறி கிடையாது, அதனால் எனக்கு அங்கே வேலையும் கிடையாது.

எனக்கு வேலை வைத்தது வேறொரு சம்பவம். விழுப்புரத்துக்கும் காட்பாடிக்கும் நடுவே மீட்டர் கேஜ் ரயில் 1890களின் தொடக்கத்தில் ஓட ஆரம்பித்தது. அது போளூர், களம்பூர், கண்ணமங்கலம், வேலூர் என்று மலையோரமாகவே போய்விட்டது. ஆரணிக்கு வரவில்லை. களம்பூரில் ஒரு நிலையம் கட்டி 'ஆரணி ரோடு' என்று பலகை வைத்தார்கள். ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சென்னையிலிருந்து உறவுக்காரர்கள் கடிதம் போட்டு, ஆரணி ரோட்டில் இறங்கி, "எங்கப்பா ஊரு?" என்று கேட்டு நிற்பார்கள். ஊருக்கு ரோடு மட்டும்தான் அங்கிருந்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரணி மஸ்லினுக்குப் பேர்போன ஊர். இங்கே நெய்த மெல்லிய பருத்தித் துணி கடல் தாண்டிப் போயிருக்கிறது. அப்போதெல்லாம் தலைச்சுமை, பொதிமாடு, கட்டை வண்டி. ரயில் வந்த பிறகு களம்பூருக்கும் ஊருக்கும் இடையில் மாட்டுவண்டியும் ஜட்காவும். வேடிக்கை என்னவென்றால், ரயில் எங்களை விட்டு விலகிப்போன அதே சில ஆண்டுகளில்தான் அங்கே இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சமச் சக்கரமும் பின்சக்கரத்துக்குச் செயினும் வைத்த ரோவர் சைக்கிளை 1885ல் கொண்டுவந்தார். 1888ல் பெல்ஃபாஸ்டில் டன்லப் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரை உருவாக்கினார். அந்த இரண்டும் சேர்ந்து ஆரணிக்கு வந்துசேர அரை நூற்றாண்டு ஆயிற்று. என் தாத்தா காலத்தில் ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. என்று கப்பலில் வந்த வண்டிகள் டாக்டர் வீட்டிலும் அமெரிக்க ஆற்காடு மிஷன்காரர்களிடமும் இருக்கும், தெருவே நின்று பார்க்கும். 1949ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. அட்லஸ் 1951ல் சோனிபட்டில், ஹீரோ 1956ல் லூதியானாவில். அதற்கப்புறம்தான் கூலிக்காரன் தவணையில் ஒரு ஹெர்குலிஸ் வாங்க முடிந்தது. பட்டு முதலாளிகள் தறியைக் கிராமங்களுக்குள் பரப்பியதும் அப்போதுதான் வேகம் பிடித்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன். ஊருக்குள் குழித்தறி போட இடமில்லாதபோது, பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கிராமத்தானை ஒரு மணி நேரத்தில் தொட்டுவிட முடியும் என்றால், எந்த முதலாளிதான் சும்மா இருப்பான்?

எங்கள் ஆற்றுக்கு இரட்டைப் பெயர், கமண்டல நாகநதி. ஜவ்வாது மலையிலிருந்து கமண்டல நதி படவேடு வழியாக இறங்குகிறது. நாகநதி அமிர்திக் காட்டிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வருகிறது. இரண்டும் சேர்ந்து ஆரணியைத் தொட்டுப் போய்ச் செய்யாற்றில் விழுகிறது. செய்யாறு பாலாற்றில். ஜமதக்னி முனிவரின் கமண்டலம் கவிழ்ந்து ஓடியது என்பது கதை. வருஷத்தில் பத்து மாதம் அந்தக் கமண்டலம் காலிதான். ஐப்பசி கார்த்திகையில் நுரையும் சருகுமாக இரண்டு வாரம் ஓடும். மற்ற நாளெல்லாம் மணல். சைக்கிளில் ஊருக்கு ஊர் திரிந்தவனுக்கு ஆறு என்றால் மணல்தான், தண்ணீர் கணக்கில் வராது.

பாலத்தைச் சுற்றிப் போனால் தூரம். ஆற்றுக்குள் இறங்கினால் குறுக்கு. கேரியர் சுமையோடு மணலில் வண்டியைத் தள்ளினால் முன்சக்கரம் புதைந்து கைப்பிடி ஒடியப் பார்க்கும். அதனால் மூட்டையைத் தலைக்கு ஏற்றி, பாரைத் தோளில் மாட்டி, வண்டியைச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு நடப்போம். இருபது கிலோவுக்கு மேல் இருக்கும் அந்த இரும்பு. சித்திரையில் செருப்பில்லாமல் இந்த வேலையைச் செய்தவனுக்குத் தீமிதி பெரிய விஷயமாகத் தெரியாது. நடு ஆற்றில் ஊற்றுத் தோண்டியிருப்பார்கள். கொட்டாங்கச்சியால் மொண்டு குடித்துவிட்டு, செயினில் ஒட்டிய மணலை வேட்டி முனையால் துடைத்துவிட்டு ஏறினால் அடுத்த கரை. இப்போது அந்த ஊற்று இல்லை, அவ்வளவு மணலும் இல்லை. மணல் எங்கே போனது என்பது வேறு கட்டுரை.

மேற்கே போவதுதான் என் வழக்கமான வழி. ஒண்ணுபுரத்தில் நாலு வீடு, அப்புறம் கண்ணமங்கலம், சில வாரம் சந்தவாசல். இந்த வழியில் ஓட்டுகிறவனுக்கு மலை எப்போதும் எதிரில் இருக்கும். முதலில் நீலமாக, அப்புறம் சாம்பலாக, சந்தவாசல் தாண்டியதும் பாறையும் மரமும் தனித்தனியாக. கண்ணுக்குச் சமதரை மாதிரி தெரிகிற அந்த ரோடு உண்மையில் மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. இதைக் கண் சொல்லாது, தொடை சொல்லும். போகும்போது 'இன்னைக்கு உடம்பு சரியில்லையோ' என்று தோன்றும், திரும்பும்போது 'நான் இவ்வளவு பலசாலியா' என்று தோன்றும். இரண்டு நினைப்புக்கும் காரணம் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவு. மலையிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் வீடு திரும்புவது எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம். காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போது ஏற்றம், சாயங்காலம் இறக்கம்.

காற்று அதைவிடப் பெரிய கணக்கு. ஆடியில் காற்று மேற்கேயிருந்து, மலை இடுக்குகளுக்குள் புகுந்து வேகம் பிடித்து, எதிரே அடிக்கும். அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை, ஜக்கார்டு அட்டை பறந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆடியில் விடிவதற்கு முன்னால் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவோம். எட்டு மணிக்கு மேல்தான் காற்று எழும், அதற்குள் ஒண்ணுபுரம் தாண்டிவிட வேண்டும். மார்கழியில் நிலைமை தலைகீழ். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து முதுகில் தள்ளிக்கொண்டு போகும், வீடு திரும்பும்போதுதான் மூக்கில் வந்து உட்காரும். சேலை கொண்டுவருவது எந்த நேரத்துக்கு என்று முதலாளி கேட்டால் நாங்கள் மாதத்தைச் சொல்லித்தான் பதில் சொல்வோம்.

ஆடி மாதத்தில் இன்னொரு சங்கடம் படவேடு. ரேணுகாம்பாள் கோயில் ஆடி வெள்ளிக்குக் கூட்டம் ஏழு வாரம் நெரியும். சந்தவாசலிலிருந்து படவேட்டுக்குள் நுழைகிற ரோட்டில் மாட்டுவண்டி, நடைப்பயணம், குடைராட்டினம் ஏற்றிய லாரி எல்லாம் ஒரே வழியில். நெசவு வீட்டுப் பெண்கள் அன்றைக்குத் தறியில் உட்கார மாட்டார்கள். பாவு கொண்டுபோனாலும் வாங்க ஆளில்லை. ஆனாலும் நான் வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் அந்தப் பக்கம் வேலையை வைத்துக்கொள்வேன். காரணம் பக்தி இல்லை, பொங்கலும் கூழும்.

படவேடு மூன்று பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணம் மாதிரி. வாழைத்தோட்டத்துக்கு நடுவே ரோடு போகும், கோடையிலும் குளிரும். இன்றைக்குக் கிராமமாகத் தெரிகிற இதுதான் சம்புவராயர்களின் தலைநகர். ராஜகம்பீரன் மலைமேல் அவர்கள் கோட்டை. பதினாலாம் நூற்றாண்டின் நடுவில் விஜயநகரத்து குமார கம்பணன் தெற்கே மதுரைக்குப் போகிற வழியில் முதலில் வென்றது இந்தச் சம்புவராயனைத்தான். அவன் மனைவி கங்காதேவி சமஸ்கிருதத்தில் எழுதிய மதுரா விஜயம் என்ற காவியத்தில் அந்தச் சண்டை வருகிறது. 1989ல் வடஆற்காட்டைப் பிரித்தபோது எங்கள் மாவட்டத்துக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்த ராஜா பெயர் எட்டு வருஷம்கூட நீடிக்கவில்லை. மண்ணில் புதைந்தும் மரம் முளைத்தும் கிடந்த கோயில்களை 1990களில் டி.வி.எஸ். குடும்பத்து வேணு சீனிவாசன் முன்னின்று புதுப்பித்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

தெற்குவழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. களம்பூர்வரை நெல் லாரியின் தூசி. ஆரணி அரிசி என்று சென்னைக் கடைகளில் விற்பதில் கணிசம் அந்தப் பக்கத்து மில்களில் அரைத்தது. அப்புறம் தேவிகாபுரம், பெரியநாயகி அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்தால் வந்துவிட்டோம் என்று அர்த்தம். பாதை தட்டை, நிழல் குறைச்சல், பஞ்சர் அதிகம்.

பஞ்சர் கடையை வைத்துத்தான் நாங்கள் தூரத்தைச் சொல்வோம். 'இரண்டு கடை தாண்டி' என்றால் கிராமத்தானுக்கும் புரியும். ஒவ்வொரு கடையிலும் தண்ணீர்த் தொட்டி, தொங்குகிற டயர், வாடகை வண்டிகளின் வரிசை, பலகையில் சாக்கட்டியால் எழுதிய நேரம். சக்கரத்தைக் கவிழ்த்து வைத்துக் கோட்டம் எடுக்கிறவரின் முகத்தில் இருக்கிற கவனத்தை நான் வேறு இரண்டு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். பாவு புணைக்கிற பெண்கள், ஜரிகையை நிறுக்கிற முதலாளி. ஒரு கம்பியைச் சற்று முறுக்கி, அடுத்ததைச் சற்று தளர்த்தி, சக்கரத்தைச் சுண்டிவிட்டுக் காதால் கேட்பார். தறியில் இழை இழுப்பு சரியா என்று விரலால் தட்டிப் பார்ப்பதும் இதே வேலைதான். நெசவுத் தெருப் பையன்களில் பலர் பிறகு சைக்கிள் கடை வைத்ததில் எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

அப்போது சைக்கிளுக்கு வருஷா வருஷம் வரி கட்டி, தகர வில்லை வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். விளக்கில்லாமல் ராத்திரி போனால் பிடிப்பார்கள், டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள், பிடித்தால் வால்வைப் பிடுங்கிவிடுவார்கள். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தால் விளக்கு எரியும், கால் கனக்கும். வெளிச்சமா கால்வலியா என்பதை நிலா தீர்மானிக்கும். பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் நாலு நாள் டைனமோவைத் தொட மாட்டோம்.

எடை விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். பாவையும் ஊடையையும் நிறுத்துக் கொடுப்பார்கள், சேலை திரும்பி வரும்போது நிறுத்து வாங்குவார்கள். குறைந்தால் நெசவாளி கூலியில் பிடித்தம். பட்டு ஈரத்தைக் குடிக்கிற பொருள். கையால் தொட்டால் ஈரமே தெரியாது, எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். பட்டு வியாபாரத்தில் நூற்றுக்குப் பதினொன்று ஈரம் என்று ஒத்துக்கொண்ட கணக்கே உண்டு. இதைப் படித்தவர்கள் பிறகு எனக்குச் சொன்னார்கள். படிக்காமலே கிராமத்து நெசவாளிக்குத் தெரிந்திருந்தது. மழைக்காலத்து விடியலில் நிறுத்த பாவைப் பங்குனி வெயிலில் நெய்து கொடுத்தால் குறையும். அந்தக் குறை யார் தலையில் விழுகிறது? ஒண்ணுபுரத்தில் ஒரு பாட்டி, நான் பாவை இறக்கியதும் முதலில் அதைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். "காத்தால நிறுத்தாங்களா, மத்தியானம் நிறுத்தாங்களா?" என்று கேட்பாள். "காத்தாலதான் ஆயா" என்றால், "அப்ப எய்தி வெச்சிக்கோ" என்பாள். நான் எழுதி வைத்துக்கொள்வேன். முதலாளியிடம் காட்டினால் சில சமயம் ஒத்துக்கொள்வார், சில சமயம் என்னை முறைப்பார். கொண்டுபோகிறவன் வெறும் கேரியராக இருந்தால் இந்த வம்பே இல்லை. ஆனால் இரண்டு தராசுக்கும் நடுவில் இருந்தது நான் ஒருவன்தான்.

1980ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. சைக்கிள் போலவே பெடல், ஆனால் என்ஜின். இரண்டு மூன்று வருஷத்தில் பணம் இருக்கிற முதலாளிகள் ஒவ்வொருவராக அதற்கு மாறினார்கள். நான் இரண்டு நாளில் சுற்றியதை அது ஒரு காலையில் சுற்றும். படவேட்டுக் கோயில்களை எழுப்பிய அதே பெயர்தான் அதற்குச் சில வருஷம் முன்னால் என் உத்தியோகத்தைப் புதைத்தது. கோபம் ஒன்றுமில்லை. 1985ல் நானே ஒன்று செகண்ட்ஹேண்டில் வாங்கி மளிகைக்கடைக்குச் சரக்கு எடுக்கப் போனேன். ஆனால் ஒன்று, மொபெட்டில் போகிறவன் கிராமத்தில் இறங்கித் தண்ணீர் கேட்பதில்லை.

சைக்கிள் அத்தோடு போய்விடவில்லை. 2001–02ல் ஆதிதிராவிட, பழங்குடிப் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது, 2005–06ல் அதை எல்லா மாணவர்களுக்கும் விரித்தார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்ட செய்தி வந்தபோது எங்கள் தெருவில் ஆண்கள் சிரித்தார்கள். இலவச சைக்கிள் வந்த பிறகு நான் பார்த்தது: முள்ளிப்பட்டு ரோட்டில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், முன்கூடையில் புத்தகம், கேரியரில் பழைய வேட்டியில் சுற்றிய பாவு. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அம்மாவுக்கு வாங்கிப்போகிறாள். கட்டியிருந்தது ரப்பர் டியூப் நாடாவால்தான். என் காலத்தில் நெசவுக்காரி முதலாளி வீட்டு வாசலைப் பார்த்ததே அபூர்வம், பாவு அவளைத் தேடிப் போகும், கூலியை அவள் புருஷன் வாங்குவான். இந்தப் பெண் தராசின் முன்னால் நின்று எடையைத் தானே படித்திருப்பாள்.

ரயில் கதை இன்னும் முடியவில்லை. மீட்டர் கேஜ் பாதையை அகலமாக்கி 2010ல் மறுபடி திறந்தார்கள், அது இப்போதும் களம்பூரோடு சரி. திண்டிவனத்திலிருந்து நகரிக்கு ஆரணி வழியாகப் புதுப்பாதை என்று அறிவித்துப் பல வருஷமாகிறது. நான் அதில் ஏறுவேன் என்று யாரும் சொல்வதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தவாசல் டீக்கடையில் உட்கார்ந்தால், வேலூர்ப் பக்கமிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் தலைக்கவசமும் ஒட்டிய உடுப்புமாக வருகிறார்கள். கண்ணமங்கலம், சந்தவாசல், படவேடு, செண்பகத்தோப்பு அணைவரை, திரும்ப அதே வழி. சிலர் அமிர்திப் பக்கம் ஏறுகிறார்கள். இன்னும் துணிந்தவர்கள் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் மலைப்பாதைக்குப் போகிறார்கள், நான் என் ஒற்றை கியரில் அந்த ஆசையே படவில்லை. வேலூரில் என்ஜினியரிங் படிக்கிற என் பேரனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பிரெவே என்று ஒரு ஓட்டம் இருக்கிறதாம், பிரான்சில் தோன்றிய வழக்கம், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. முத்திரைக்குப் பதில் எடைச்சீட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன தையில் அவன் வண்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஒற்றைக் கையால் தூக்கினேன். ஒன்பது கிலோ என்றான். நான் செயினைத்தான் முதலில் பார்த்தேன். மூடியில்லை, திறந்து கிடக்கிறது, மசி பளபளக்கிறது.

"தாத்தா, ஒண்ணுபுரத்துக்கு முன்னாடி ஒரு ஏத்தம் வருது பாரு, செல்போன்ல அதுக்கு ஒரு பேர் வெச்சிக்கிறாங்க. யார் எவ்ளோ நேரத்துல ஏறுனாங்கன்னு அதுல வரும். நீ எவ்ளோ நேரத்துல ஏறுவ?"

எனக்கு அந்த ஏற்றம் தெரியும். நிமிஷக் கணக்கு என்னிடம் இல்லை. முதலாளி வீட்டில் கடையைக் கட்டியபோது எடைக்குப் போட இருந்த பழைய குறிப்புப் புத்தகங்களில் இரண்டை நான் வாங்கி வந்திருந்தேன். பரணில் இருந்து ஒன்றை இறக்கச் சொன்னேன். கரையான் அரித்தது போகப் பாதிப் பக்கம் படிக்க முடிந்தது. அவன் டார்ச் அடித்தான், நான் விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். ஐப்பசி மாதத்துப் பக்கம் ஒன்றில் என் கையெழுத்து இருந்தது:

'ஒண்ணுபுரம். பாவு 1, மாந்துளிர். மேட்டில் மழை. வண்டியைத் தள்ளிப் போனது. ஆயா வீட்டில் இரவு தங்கிக் காயவைத்தது. காத்தால நிறுத்தது.'

"இதுல டைம் எங்க இருக்கு?" என்றான் பேரன்.